நித்திய நியமமும் நீரிழிவும்

சிவமயம்

உயிர்கள் அடையத்தக்க உறுதிப்பொருள்கள் யாவும் உடம்பைக் கருவியாகக் கொண்டே அடையப்படுவன. கண் ஒளி குன்றியவழித் திருமுறை ஓதுதலும், கால் தளர்ந்தவழி ஆலயம் வலம்வருதலும் அரியவாகும். இதுபற்றியே திருமூலநாயனார் உடம்பைப் பேணுதலை வற்புறுத்தினர். திருவள்ளுவநாயனாரும் 95ஆம் அதிகாரத்தை மருந்துக்கென வகுத்து, அதன்கண் மருந்துகளின் பெயரைக் கூறாது, உண்ணும் அளவினையும் காலத்தினையுமே பெரிதும் கூறினர். இவற்றைச் சைவாசிரியராகிய நாம் ஆண்டுதோறும் மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லி வருகின்றோம். சொல்லிய வாய் உண்ணும்பொழுது அதனை நினைக்கின்றதா என்பதே இக்கட்டுரையில் யாம் கேட்கப் புகும் வினா.

2018, 2019ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நிகழ்த்தப்பெற்ற ஆய்வொன்று, வயதுவந்தோருள் ஐவரில் ஒருவருக்குக் குறையாமல் நீரிழிவு உடையர் எனக் காட்டிற்று. ஆகவே, ஆசிரியர் இருபதுபேர் கூடியிருக்கும் ஓர் இளைப்பாறும் அறையில் நால்வரேனும் இந்நோயினர் ஆதல் கூடும். அவருட் சிலர் அதனை அறியாதவருமாவர். யாமும் ஒன்பது ஆண்டுகளாக அந்நால்வருள் ஒருவரேம். ஆதலின், பிறர்க்கு உபதேசிக்கும் பெருமிதத்தால் அன்றி, உடன் வருந்துவார் உரையாகவே இதனை எழுதுகின்றேம்.

1. நோயின் இயல்பு

நம் ஊரவர் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் வழங்குவது இந்நோயையே. நோயாளரது சிறுநீர் இனிப்புற்று எறும்பை ஈர்த்தலைப் பாரத நாட்டு வைத்தியர் பண்டே கண்டு, மதுமேகம் எனப் பெயரிட்டனர். 1776ஆம் ஆண்டில் மத்தேயு டொப்சன் என்னும் ஆங்கில வைத்தியர் அவ்வினிப்புச் சர்க்கரையே எனச் சோதித்துக் காட்டினர். 1889ஆம் ஆண்டில் மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்னும் இருவர், நாயொன்றின் கணையத்தை நீக்க அதற்கு இந்நோய் உண்டாதலைக் கண்டனர். 1921ஆம் ஆண்டில் கனடா தேசத்து ரொறன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ற் என்போர் கணையத்தினின்றும் இன்சுலின் என்னும் சாற்றைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டுத் தைமாதத்தில் அஃது இறக்குந்தறுவாயில் இருந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செலுத்தப்பட, அவன் பிழைத்தான்.

இன்சுலின் உடம்பினுட் செய்யுந் தொழிலை மாணாக்கருக்கு விளக்குதற்கு நம் தோட்டமே தக்க உவமை. கிணற்றினின்றும் இறைத்த நீர் வாய்க்கால்வழி ஓடுகின்றது. பாத்திதோறும் நின்று வரம்பை வெட்டி நீரைத் திருப்பிவிடுவோன் ஒருவன் இருந்தாலன்றி நீர் பயிருக்குச் சேராது. அவன் சோர்ந்தானாயின் வாய்க்கால் நிரம்பி வழியும், பயிரோ வாடும். உணவு கிணற்றுநீர், இரத்தம் வாய்க்கால், உடம்பின் நுண்ணறைகள் பாத்திகள், நீர் திருப்புவோன் இன்சுலின். நோயாளனது இரத்தத்திற் சர்க்கரை மிகுந்திருக்கவும் அவன் சோர்வும் மெலிவும் உறுவது இதனாலேயாம். வழிந்த சர்க்கரை சிறுநீரோடு போம். போம்பொழுது நீரையும் உடன்கொண்டு போதலின் தாகம் உண்டாம்.

இந்நோய் பிரதானமாக இருவகைப்படும். முதலாம் வகையில் நீர் திருப்புவோனே இலன். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பகுதி அழிந்தொழியும். இது பெரும்பாலும் சிறுவரையும் இளைஞரையும் பற்றும். இன்சுலினை ஊசிமூலம் செலுத்தினாலன்றி அவர் உயிர்வாழார். இரண்டாம் வகையில் அவன் உளன். ஆயினும் வரம்புகள் இறுகியமையால் அவன் வெட்டு ஏறாது, நாளடைவில் அவனும் இளைப்பான். நம்முள் மிகப் பரந்திருப்பது இவ்விரண்டாம் வகையே. குடிவழியும், வயிற்றைச் சூழ்ந்த கொழுப்பும், உடலுழைப்பின்மையும் இதற்கு ஏதுக்களாம். தென்னாசிய மக்கள் பருமனாகத் தோன்றாதவிடத்தும் வயிற்றிற் கொழுப்புடையராதல் பற்றி, ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரும் பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றரும் இடைச்சுற்றளவின் எல்லையாக வகுத்துள்ளனர்.

இராப்போசனத்தின்பின் எட்டு மணிநேரமேனும் உண்ணாதிருந்து சோதிக்குமிடத்து, இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ சர்க்கரை காணப்படின் அது நீரிழிவு. வேறு குறிகள் இல்லாதவழி மீண்டும் ஒருமுறை சோதித்து உறுதிசெய்வர்.

2. நித்தியமும் நைமித்திகமும்

சைவ நூல்கள் கருமத்தை நித்தியம், நைமித்திகம், காமியம் என வகுக்கும். நாடோறும் தவறாது செய்வது நித்தியம். சிறப்பு நாள் முதலிய ஒரு நிமித்தம் பற்றிச் செய்வது நைமித்திகம். ஒரு பயனை விரும்பிச் செய்வது காமியம். இவற்றுள் நித்தியமே அடிப்படை. நாள்தோறும் அனுட்டானம் செய்யாதான் திருவிழாவில் மாத்திரம் காவடி எடுத்தால் அவனை நியமமுடையான் என நாம் சொல்லோம்.

நீரிழிவைப் பொறுத்தவரையில் நம்மவர் பலர் செய்வது நைமித்திகமே. கிளினிக் நாளுக்கு மூன்று நாள் முன்னர்ச் சோற்றைக் குறைப்பர், தேநீருக்குச் சீனி விடார், வீதியில் நடப்பர். சோதனை முடிந்த அன்று மாலையே பழைய வழிக்கு மீள்வர். இதனை யாம் பிறரிடத்துக் கண்டு கூறுகின்றேமல்லேம்; நான்கு ஆண்டுகள் எம்மிடத்தே கண்டதைக் கூறுகின்றேம். வெறுவயிற்றுச் சோதனை எமக்கு நற்சாட்சி பகர்ந்தது. பின்பு வைத்தியர் ஒருவர் எச்.பி.ஏ.வன்.சி என்னும் வேறொரு சோதனையைச் செய்வித்தார். இரத்தத்தின் செவ்வணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்வன. அந்நாட்களில் அவை மிதந்த இரத்தத்திலுள்ள சர்க்கரை அவற்றில் ஒட்டிக்கொள்ளும். அதனை அளக்குமிடத்து, கழிந்த இரண்டு மூன்று மாதங்களில் ஒருவன் வாழ்ந்த வாழ்வு முழுவதும் சராசரியாகத் தெரியவரும். நோயினர் பலர்க்கு இஃது 7 வீதத்துக்குக் குறைவாக இருத்தல் நன்றென்பர். எமக்கு 9 வீதத்தைக் கடந்திருந்தது. பரீட்சைக்கு முதனாள் இரவு மாத்திரம் படித்துச் சித்தியெய்திய மாணாக்கன், மூன்று மாதத்துப் பாடத்திலும் வினாக் கேட்கப்பட்டபொழுது நிற்கும் நிலையில் அன்று யாம் நின்றேம்.

வேறு சிலர் செய்வது காமியம். நேர்த்தி வைத்துவிட்டு மருந்தை நிறுத்துவர். யாரோ சொன்ன இலைச்சாற்றைப் பருகி, நோய் நீங்கிற்றென்று சோதனைக்கும் போகார். பிரார்த்தனை நன்றே. ஆயினும் பயிர் விளைய வேண்டுமென்று வேண்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போகாதிருத்தல் பத்தியாகாது.

ஆதலின், இந்நோய் நித்தியத்துக்கே அடங்கும் என்பது யாம் வற்புறுத்தும் பொருள். இதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நோய்க்கு முந்திய நிலையிலிருந்தோரை மூன்றாண்டளவு பார்த்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாரத்துக்கு 150 நிமிட நடையும், உணவுக் கட்டுப்பாடும், உடல்நிறையில் 7 வீதக் குறைவும் என்பவற்றை நோக்கமாகக் கொண்டு ஒழுகியோரிடத்து நோய் தோன்றுதல் 58 வீதம் குறைந்தது. மெற்போமின் மாத்திரை உண்டோரிடத்து 31 வீதமே குறைந்தது. சென்னையில் நிகழ்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியிலும் ஒழுக்கத்தால் ஏறத்தாழ 28 வீதம் குறைந்தது. இவை நோய் வாராது தடுத்தல் பற்றியன. நோய் வந்தபின்னும் அவ்வொழுக்கமே மருந்துக்குத் துணையாய் நிற்கும்; அஃதின்றி மருந்து மாத்திரம் வேண்டிய அளவு பயன்றராது.

3. உணவு

முதற்கண் மூன்று மயக்கங்களைக் களைதல் வேண்டும்.

சைவவுணவினர்க்குச் சலரோகம் வாராது என்பது முதலாவது. புலால் உண்ணாமை உயர்ந்த அறமே. ஆயினும் புலாலை விலக்கிய இடத்தை வெண்சோற்றால் நிரப்புவோமாயின் நோய்க்கு வழிதிறந்தோமாவோம். சோறும், பிட்டும், இடியப்பமும், தோசையும் உண்டபின் சர்க்கரையாகவே மாறுவன.

பனங்கட்டியும் தேனும் தீங்கில்லாதன என்பது இரண்டாவது. பனை நம் நாட்டின் கற்பகதருவே; எனினும் பனங்கட்டியிற் பெரும்பகுதி சர்க்கரையே. நிறம் கறுத்தமையால் குணம் மாறாது.

குரக்கனும் ஒடியலும் எவ்வளவும் உண்ணலாம் என்பது மூன்றாவது. தவிடு நீங்காத தானியமும் சிவப்பரிசியும், தீட்டிய வெள்ளரிசியினும் நல்லன. ஆயினும் அவையும் மாப்பொருளேயாதலால் அளவு கடத்தலாகாது.

உண்ணும் முறை இது: உண்கலத்தை மனத்தால் நான்கு கூறாக்குக. இரண்டு கூற்றில் கீரை, முருங்கையிலை வறை, பாகல், கத்தரி, பயற்றங்காய், புடோல் முதலிய காய்கறிகளை இடுக. ஒரு கூற்றில் பருப்பு, பயறு, கடலை, தயிர் முதலியவற்றை இடுக. எஞ்சிய ஒரு கூற்றில் மாத்திரம் சோறோ பிட்டோ இடுக. மரவள்ளியும் உருளைக்கிழங்கும் கறியாக வந்தாலும் சோற்றின் கூற்றிலேயே எண்ணப்படுக. முதலிற் காய்கறியையும் பருப்பையும் உண்டு, பின்னர்ச் சோற்றை உண்பின், சர்க்கரை விரைந்து ஏறாது. பழத்தைச் சாறாக்காது கடித்துண்க. கறுத்தக்கொழும்பான் மாம்பழமாயினும் ஒரு துண்டோடு அமைக.

தேநீர்க் கணக்கையும் ஒருமுறை பார்ப்போமாக. இரண்டு தேக்கரண்டிச் சீனி இட்ட தேநீரை நாளொன்றுக்கு ஐந்துமுறை பருகுவோமாயின், பத்துத் தேக்கரண்டி, அஃதாவது ஏறக்குறைய 40 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில், கலந்துண்ணும் சர்க்கரையை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குக் குறைத்தல் நன்றெனக் கூறிற்று. அதுவும் நோயில்லாதார்க்கே கூறியது. வாரந்தோறும் அரைக் கரண்டி குறைத்து வருவோமாயின், இரண்டு மாதத்துள் நாவும் பழகிவிடும். எம் நா பழகிற்று.

பிரசாதம் பற்றிப் பலர் கலங்குவர். மோதகமும் சர்க்கரைப்பொங்கலும் பஞ்சாமிர்தமும் கோயிலில் தரப்படும்பொழுது மறுத்தலாகாதே என்பர். மறுக்க வேண்டா. பிரசாதத்தின் பெருமை அதன் நிறையில் இல்லை. கண்ணில் ஒற்றி, விரல்நுனியளவு உட்கொண்டு, எஞ்சியதை அருகிலுள்ள சிறுவருக்குப் பகிர்க. திவசவீட்டிலும் கலியாணவீட்டிலும், "ஒரு நாளைக்குத்தானே, சாப்பிடுங்கோ" என்று உபசரிப்பார்க்கு, "எனக்குச் சீனி வருத்தம்" என்று வெளிப்படையாகச் சொல்லுக. நோயை மறைத்தல் நாணமன்று, அறியாமை.

புலால் உண்ணாதார்க்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. மெற்போமின் மாத்திரையை ஆண்டுக்கணக்காக உண்போர்க்கு உயிர்ச்சத்து பி12 குறைதல் கூடும். அச்சத்து மரக்கறியில் இன்மையால், நமக்கு அக்குறை இரட்டிக்கும். அதனாலும் கால் விறைப்பும் எரிவும் உண்டாம். பாலும் தயிரும் ஓரளவு உதவுமாயினும், சோதித்தல் வேண்டுமோ என வைத்தியரைக் கேட்டறிக.

4. உடலுழைப்பு

தசை இயங்கும்பொழுது இன்சுலினின் உதவியின்றியும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும். வரம்பு தானே திறந்ததுபோலாம். ஆதலின் நடையும் ஒரு மருந்தே. வாரத்தில் 150 நிமிடத்துக்குக் குறையாமல் விரைந்து நடத்தல் வேண்டும்; தொடர்ந்து இரண்டு நாள் விடலாகாது. இயன்றவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தோட்டங் கொத்துதல், நீரள்ளுதல் முதலிய வலிய வேலையும் செய்க.

முன்னாளில் நம் ஆசிரியர்கள் துவிச்சக்கரவண்டியிலே நாலைந்து கட்டை தூரம் மிதித்துப் பாடசாலைக்கு வந்தனர். இந்நாளில் மோட்டார்ச்சைக்கிள் வாசலிலிருந்து வாசலுக்குக் கொண்டுவிடுகின்றது. உண்டபின் பத்து நிமிடம் நடத்தல், உணவினால் ஏறுஞ் சர்க்கரையைத் தணிக்கும். மதிய இடைவேளையில் மைதானத்தை இருமுறை சுற்றுதற்குத் தடையாது? மாலையில் ஆலயத்து வெளிவீதியை வலம்வருவோமாயின், நடையும் வழிபாடும் ஒருங்கே நிகழும்.

5. விரதம்

இஃது உயிரோடு தொடர்புடையதாதலின் சற்று விரித்துரைப்பாம்.

சில ஆண்டுகளின் முன், கந்தசட்டியின் நான்காம் நாள். வழக்கம்போல் விடியலிற் கிளிக்கிளசைட் மாத்திரையை விழுங்கிவிட்டு, நீர் மாத்திரம் பருகிப் பாடசாலைக்குச் சென்றேம். மூன்றாம் பாடவேளையில் ஆறாந்தர மாணாக்கருக்கு இலக்கணம் சொல்லிக்கொண்டிருக்கையில், உடம்பு வியர்த்தது, கை நடுங்கிற்று, கரும்பலகையில் எழுதிய சொல் எமக்கே விளங்கவில்லை. காரணமின்றிச் சினம் மூண்டு ஒரு மாணாக்கனைக் கடிந்தேம். முன்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி எழுந்தோடி, அடுத்த அறையிலிருந்து சீனி கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்தாள். விரதம் கெடும் என்று யாம் அதனைத் தள்ளினேம். அவள் அஞ்சாது, "சேர், குடியுங்கோ. எங்கட அம்மம்மாவுக்கும் இப்பிடித்தான் வாறது. குடிக்காட்டி விழுந்திடுவியள்" என்றாள். குடித்தேம். கால்மணிநேரத்தில் அறிவு தெளிந்தது. அன்று அவளே ஆசிரியர், யாம் மாணாக்கர்.

நிகழ்ந்தது இது: சில மாத்திரைகளும் இன்சுலினும், உண்டாலும் உண்ணாவிட்டாலும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டேயிருக்கும். உணவின்றி அவற்றை உட்கொள்ளின் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும். நடுக்கம், வியர்வை, பசி, சினம், மயக்கமான பேச்சு என்பன அதன் குறிகள். மேலும் இறங்கின் வலிப்பும் உணர்விழப்பும் உண்டாகும். உயிர்க்கும் இறுதி நேரலாம். உடனே 15 கிராம் அளவு சர்க்கரையை, அஃதாவது மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியை, நீரிற் கரைத்துப் பருகல் வேண்டும். 15 நிமிடத்தின்பின் குறி நீங்காதாயின் மீண்டும் பருகுக. தெளிந்தபின் சிறிது உணவு கொள்க. உணர்விழந்தார் வாயில் எதனையும் ஊற்றலாகாது; அவரை ஒருபக்கமாகக் கிடத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

ஆயின் நோயினர் விரதத்தைக் கைவிடுவதா எனின், அன்று. விரதம் என்னுஞ் சொல் நியமத்தைக் குறிப்பது. பட்டினியை மாத்திரம் குறிப்பதன்று. ஆறுமுகநாவலரவர்கள் தமது சைவ வினாவிடையிலே விரதங்களைக் கூறுமிடத்து, உபவாசத்தை முதலில் வைத்து, அஃது இயலாதார்க்கு ஒருபொழுது உண்டல், பால் பழம் முதலியன கொள்ளல் என வேறு படிகளையும் வகுத்திருக்கின்றார்கள். வலிமை நோக்கி விதிக்கும் இக்கருணை முறையிலேயே உள்ளது. ஆதலின் கந்தசட்டி, கேதாரகௌரி, பெருங்கதை, சிவராத்திரி ஆகிய விரதங்களை நோற்க விரும்பும் நோயினர், சில வாரங்களின் முன்னரே வைத்தியரிடம் சென்று, எந்த மருந்தை எவ்வளவு எப்பொழுது கொள்வதென்று கேட்டறிக. மருந்தைத் தாமே நிறுத்துதலும், வழக்கம்போல் வெறுவயிற்றில் விழுங்குதலும் இரண்டும் தவறு. இன்சுலின் செலுத்துவோர் முழு உபவாசத்தை விலக்குதலே தக்கது. குறி தோன்றியவிடத்து விரதத்தை முடித்துச் சீனி கொள்க. இந்நாளில் யாம் சட்டியின் ஆறு நாளும் சிறிய அளவில் வேளைக்கு உண்டு, இனிப்பை விலக்கி, கடுஞ்சொல்லை அடக்கி, புராணபடனம் கேட்டு நோற்கின்றேம். கடுஞ்சொல்லை அடக்குதல் பட்டினியினும் அரிதாக இருக்கின்றது.

6. பாதம்

நெடுநாள் நீரிழிவுடையார்க்குக் கால்நரம்பு உணர்விழக்கும், இரத்தவோட்டமும் குன்றும். முள் தைத்தாலும் தணல் சுட்டாலும் தெரியாது. சிறு கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, விரலையோ காலையோ துணிக்க நேரும்.

நாம் ஆலயத்துள் வெறுங்காலோடு செல்பவர். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாள் நிகழ்வது. அது வருங்காலம் வெயில் கடுமையாகக் காயுங் காலம். நண்பகலில் வீதிமணல் சுடும். உணர்வுள்ளவன் துள்ளி விலகுவான். உணர்விழந்தவன் பத்தியோடு நின்று பாதத்தைச் சுட்டுக்கொள்வான். ஆதலின் நோயினர் வெயிலேறுமுன்னரோ மாலையிலோ செல்க. பாதணியை வாசல்வரை அணிந்து சென்று, வழிபாடு முடிந்தவுடன் மீளவும் அணிக. வீட்டினுள்ளும் வெறுங்காலோடு உலவாதிருத்தல் நன்று.

இரவில் நித்திரைக்குமுன் பாதத்தைப் பார்த்தலை ஒரு நியமமாகக் கொள்க. அடியைப் பார்க்க இயலாதார் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைக்க. நகத்தை நேராக வெட்டுக, மூலையைக் குடையலாகாது. வெந்நீரிற் கால் வைக்குமுன் முழங்கையால் அதன் சூட்டை அறிக. புண் சிறிதாயினும், நோவில்லையாயினும், உடனே வைத்தியருக்குக் காட்டுக. நோவின்மையே இங்கு அபாயக்குறி.

7. பிற நியமங்கள்

மருந்தைக் குறித்த வேளையில் உட்கொள்க. ஆண்டுக்கொருமுறை கண்ணின் உட்படலத்தையும், சிறுநீரில் வெண்புரதம் உளதோ என்பதையும் சோதிப்பிக்க. கண்ணும் சிறுநீரகமும் கெடும்பொழுது தொடக்கத்தில் ஒரு நோவும் தோன்றாது. இரத்த அழுத்தத்தை அடிக்கடி அளப்பிக்க. ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பு அழுத்தத்தை உயர்த்துமாதலின் குறைக்க. புகைத்தல், வெற்றிலையோடு புகையிலை மெல்லல், மது என்பவற்றை அறவே நீக்குக. நித்திரைக் குறைவும் மனக்கவலையும் சர்க்கரையை ஏற்றும்; விடியலெழுவார் இரவில் நேரத்தோடு துயில்க. காய்ச்சலோ வாந்தியோ வந்தபொழுது, உண்ணவில்லை என்று இன்சுலினைத் தாமே நிறுத்தாது வைத்தியரை உசாவுக.

8. வகுப்பறையில் ஆசிரியர் கடமை

அடிக்கடி சிறுநீர் கழிக்க வெளியே போக அனுமதி கேட்கும் மாணாக்கனை, குழப்படி செய்கின்றான் என்று தடுத்தல் நம் வழக்கம். அவன் மிகுதாகமுடையவனாய், மெலிந்து வருபவனாய், சோர்ந்தவனாய் இருப்பின், முதலாம் வகை நீரிழிவு தோன்றியிருத்தல் கூடும். அன்றே பெற்றாரை அழைத்து வைத்தியசாலைக்கு அனுப்புக. சில நாள் தாழ்த்தலும் உயிர்க்கு இடராம். முன்னரே நோயுள்ள பிள்ளை வகுப்பில் இடையே உண்ணவும், நீர் பருகவும், ஊசி செலுத்தவும் இடங்கொடுக்க. இனிப்பு மிகுதியாக உண்டதனால் வந்தது என்று அப்பிள்ளையையோ தாயையோ பழிக்கலாகாது. முதலாம் வகைக்கு அது காரணமன்று.

இலங்கையில் 2016ஆம் ஆண்டுமுதல் இனிப்புப்பானப் போத்தல்களில் நிறக்குறி இடப்பெற்று வருகின்றது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சர்க்கரையுள்ளது சிவப்பு. 2 முதல் 11 கிராம்வரை செம்மஞ்சள். 2 கிராமிற் குறைந்தது பச்சை. இதனைக் கணிதபாடமாக்குக. போத்தலின் அளவையும் சர்க்கரை வீதத்தையும் கொடுத்து, அதில் எத்தனை தேக்கரண்டிச் சீனி உளதென்று பெருக்கி அறியச் செய்க. ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம். தாமே கண்டறிந்த எண்ணைப் பிள்ளைகள் மறவார்.

9. மேல்வகுப்பு மாணாக்கருக்குச் சில வினாவிடை

வினா: நீரிழிவாவது யாது?
விடை: இன்சுலின் இல்லாமையாலேனும், இருந்தும் அது செவ்வனே தொழிற்படாமையாலேனும் இரத்தத்திற் சர்க்கரை மிகுந்து நிற்றல்.

வினா: சைவவுணவு மாத்திரம் இந்நோயைத் தடுக்குமா?
விடை: தடுக்காது. சைவவுணவோடு அளவும் உழைப்பும் கூடல் வேண்டும்.

வினா: உண்கலத்திற் சோறு எத்துணை இருத்தல் வேண்டும்?
விடை: காற்பங்கு.

வினா: சர்க்கரை மிக இறங்கியதற்கு முதற்பரிகாரம் யாது?
விடை: அறிவு தெளிவாக இருப்பின் சீனித்தண்ணீர் பருகுவித்தல்.

வினா: விரதநாளில் அது பருகினாற் குற்றமா?
விடை: அன்று. உயிர்காத்தலை விலக்கும் விரதம் இல்லை.

வினா: நோயினர் இரவுதோறும் பார்க்க வேண்டியது யாது?
விடை: தம் பாதம்.

வினா: இந்நோய்க்குரிய ஒழுக்கம் நித்தியமா, நைமித்திகமா?
விடை: நித்தியம்.

சைவாசிரியர்களே! விடியலெழுதல், நீராடல், வேளையறிந்து உண்ணல், மாலையில் வலம்வருதல், இரவில் அன்றைய ஒழுக்கத்தை ஆராய்தல் என்னும் நியமங்களை நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்றனர். அச்சட்டம் ஆயத்தமாக உள்ளது. அதனுள் உண்கலத்தின் அளவையும், பத்து நிமிட நடையையும், பாதப் பார்வையையும் சேர்த்துக்கொள்ளுதலே எஞ்சியுள்ளது. ஒருநாள் தவறின் சோர்வுறாது மறுநாள் தொடர்க. நித்தியத்தின் வலிமை மறுநாளும் வருதலிலேயே உள்ளது. எம் எச்.பி.ஏ.வன்.சி இவ்வாண்டு 7 வீதத்துக்கு அணித்தாக வந்துள்ளது. எமது கைப்பையில் ஒரு சிறு பொட்டலம் சீனி எப்பொழுதும் இருக்கும். அதனைக் காணுந்தோறும், தண்ணீர்க் குவளையோடு நின்ற அச்சிறுமியை நினைக்கின்றேம்.

திருச்சிற்றம்பலம்.